ஓடாத காருக்கு எண்ணெய்

ஓடுகிற காரைப் பார்த்துக்கொள்வது பெரிய வேலை இல்லை. ஓடாத காரைப் பார்த்துக்கொண்டால்தான் தெரியும். ஓடுகிற கார் தன் குறையைத் தானே சொல்லிவிடும். இருமும், புகை விடும், நடுவழியில் நின்று மானத்தை வாங்கும். நிற்கிற கார் எதையும் சொல்லாது. உள்ளுக்குள்ளேயே எண்ணெய் கெடும், தண்ணீர் துருவேறும், பாட்டரி வற்றும், பிரேக் எண்ணெய் எந்த மூட்டு வழியாகவோ கசிந்து போகும். யுத்தம் நடந்த வருஷங்கள் முழுக்க அப்படி நின்ற ஒரு காருக்கு ஊற்றுவதும் வடிப்பதுமாக நான் காலம் தள்ளினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அலுப்பில்தான் சொல்கிறேன்.

எங்கள் வீடு பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ராகியும் நிலக்கடலையும் விளையும் மேட்டு நிலம், கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் கரும்பு. நான் வாக்கப்பட்டுப் போவதற்கு முன்பே மாமியார் காலமாகிவிட்டார். வீட்டில் மாமனார், என் கணவர், நான். மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பண்ணையாள் இருந்தார். தன் வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், மாடுகளிடம் இரண்டும் பேசுவார்.

என் கணவர் ஒரே பிள்ளை. சேலத்துக் காலேஜ் வரை போய், படிப்பை முடிக்காமல் திரும்பி வந்தவர். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குக் கிளம்பும்போது தன் காரை விற்றுவிட்டுப் போக நினைத்தாராம். அதை இவர் வாங்கி வந்துவிட்டார். பச்சை நிறம், நீள மூக்கு, மேலே கித்தான் கூரை. பந்தயத்துக்கென்று செய்த வண்டி என்பார். இரண்டே பேர்தான் உட்காரலாம். மாமனார் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேரு குந்தறதுக்கு ஒரு காரா? ஒரு மூட்டெ வெக்க எடமில்லியேடா" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் மகனை அவர் எதுவும் கேட்டதில்லை. தாயில்லாப் பிள்ளை என்று எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்துப் பழகியவர்.

காரை வாங்கியவர் ஓட்டுவார் என்று நினைத்தேன். ஓட்டவில்லை. ஓட்டினால் தேய்ந்துவிடுமாம். தர்மபுரிக்கு எப்போதாவது ஒரு நடை போய்வருவார். திரும்பி வந்ததும் டயரில் ஒட்டிய செம்மண்ணைக் குச்சியால் நோண்டி எடுப்பார். மற்ற நாளெல்லாம் மாட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்தில் அதற்கென்று போட்ட ஓட்டுக் கொட்டாயில் துணி போர்த்தி நிற்கும். நான் அதில் ஏறி உட்கார்ந்து எங்கேயும் போனதில்லை. பொம்மிடிப் பக்கத்தில் இருந்த என் பிறந்த வீட்டுக்குப் போவதென்றால் பாலக்கோட்டில் சின்ன ரயில் ஏறி மொரப்பூரில் இறங்கி, அங்கே பெரிய ரயில் மாறிப் போவேன். கொட்டாயில் கார் இருக்க, தகரப் பெட்டியோடு ஸ்டேஷனில் நிற்கிற மருமகளைப் பார்த்து ஊரே சிரித்திருக்கும். எனக்கும் கோபம் வரும். ஆனால் அந்தச் சின்ன ரயிலை எனக்குப் பிடிக்கும். அது என்னை எங்கள் ஆத்தாளிடம் கொண்டுபோய் விட்டது, அந்தப் பச்சைக் கார் விடவில்லை.

ஓட்டாவிட்டாலும் காருக்கு வேளாவேளைக்கு எல்லாம் மாற்ற வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பு. வெள்ளைக்காரர் அப்படிச் சொல்லிக் கொடுத்தாராம். எத்தனை மைல் ஓடியது என்பது கணக்கில்லை, எத்தனை மாதம் ஆனது என்பதுதான் கணக்கு. அவர் கோணிச்சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்து எண்ணெய் வடிக்கிற திருகைக் கழற்றுவார். நான் தகரச் சட்டியை நீட்டுவேன். எஞ்சினுக்கு ஒரு எண்ணெய், கியர்ப் பெட்டிக்குக் கெட்டியாக இன்னொன்று, பின் அச்சுக்கு அதைவிடக் கெட்டி. பிரேக்குக்குத் தனி. எதை எதில் ஊற்றக்கூடாது என்று பாடம் நடத்துவார். புனலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்கு அடுப்பில் களி தீய்கிறதே என்ற கவலை.

யுத்தம் வந்தது. சொந்தக் காரை ஓட்ட மனம் வராத மனிதர் பட்டாளத்தில் சேர்ந்து சர்க்கார் லாரி ஓட்டப் போனார். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கிளம்பும் முன் எனக்குக் காரை எடுக்கவும், கொட்டாயிலிருந்து முன்னே நகர்த்திப் பின்னே கொண்டுவரவும் பழக்கிவிட்டார். ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகிவிடுமாம். "வாரத்துக்கொருக்கா ஸ்டார்ட் பண்ணிக் காமணி நேரம் ஓடவுடு. எண்ணெ, தண்ணி எதெயும் கெட உட்றாதெ. நான் வந்து சாவியெப் போட்டா அது எந்திரிக்கோணும்" என்றார். என்னைப் பற்றி என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று யோசித்துப் பார்க்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொன்னதாக ஞாபகம். எல்லாரும் சொல்வதுதானே.

அவர் போன கொஞ்ச காலத்தில் சின்ன ரயிலும் போயிற்று. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஜல்லி மேடு மட்டும் கிடந்தது, அதில் ஆடு மேய்ந்தது. பஸ்ஸெல்லாம் பெட்ரோலுக்குப் பதில் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டபடி வந்தன, வந்த நாள்களில். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். பொம்மிடி எனக்கு எட்டாத ஊராகிவிட்டது. இரண்டு தீபாவளி எங்கள் ஆத்தாளைப் பார்க்காமலே கழிந்தது.

நான் காரைப் பார்த்துக்கொண்டேன். பாட்டரிக்குச் சுத்தத் தண்ணீர் வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடத்திலேயே வெள்ளையாகப் படியும், பல்லையே பழுப்பாக்கும். அதை ரேடியேட்டரிலும் ஊற்றக்கூடாது. அதனால் மழை வரும்போதெல்லாம் ஊறுகாய் ஜாடிகளைக் கழுவி முற்றத்தில் வெளியே வைப்பேன். அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் மாங்காய் ஊறுகாய் போடவில்லை. ஜாடியெல்லாம் காருக்கு மழைத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டது. எஞ்சின் எண்ணெய் டின் கிடைப்பது அரிதாயிற்று. வடித்த எண்ணெயைத் தெளியவிட்டு, பழைய வேட்டியை நாலு மடிப்பாக மடித்து வடிகட்டித் திரும்ப ஊற்றினேன். முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் நானே படுத்தேன். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பந்தியில் சோறு போடப் போனால் பெண்கள் என் கையைப் பார்த்தார்கள்.

எவ்வளவு செய்தும் எண்ணெய் கெட்டது. ஒருமுறை திருகைக் கழற்றினால் சட்டியில் மோர் மாதிரி விழுந்தது. பயந்துபோனேன். பாலக்கோட்டுச் சந்தைக்குப் போனபோது ஒரு பஸ் டிரைவரிடம் கேட்டேன். அந்த ஆள் சிரித்தார். "நின்ன எடத்துல காமணி நேரம் உறுமவுட்டா அப்பிடித்தாங்க ஆகும். உள்ளார தண்ணி கோத்துக்கும். நல்லா சூடேற ஓட்டோணுங்க, அப்பத்தான் அது ஆவியாப் போகும்" என்றார். அவர் சொன்னபடி பார்த்தால் என் கணவர் சொல்லிவிட்டுப் போன வைத்தியம்தான் காரைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஓட்டலாமா என்று கடிதம் எழுதிக் கேட்டேன். களத்துமேட்டில் வேண்டுமானால் சுற்று, களத்தைத் தாண்டக்கூடாது என்று பதில் வந்தது.

அப்படித்தான் நான் கார் ஓட்டினேன். ராகிக் கதிரைப் போட்டு மாடுகளைச் சுற்றவிட்டு மிதிக்கவைப்பார்களே, அதே களத்தில், அதே சுற்று. கூப்பனில் கிடைக்கும் கொஞ்சம் பெட்ரோல் அதற்குத்தான் சரியாக இருந்தது. மாமனார் கையில் கோலோடு களத்து ஓரத்தில் நின்று கோழிகளை விரட்டுவார். எஞ்சின் சூடேறியதும் நான் நிறுத்துவேன். போன இடத்திலேயே திரும்பப் போய், வந்த இடத்துக்கே வந்து, எங்கேயும் சேராத ஓட்டம். அந்தச் சலிப்பைச் சொல்லி மாளாது. ஒருநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதிருக்கிறேன். மாமனார் வெயிலில் கண் கூசுகிறது என்று நினைத்துக்கொண்டு தன் துண்டை நீட்டினார்.

அவருக்கு அந்தக் கார்மேல் மெல்ல மெல்ல ஒரு கரிசனம் வந்தது. காரின்மேல் என்பதைவிட மகன்மேல் என்று சொல்ல வேண்டும். மகன் திரும்பி வருவதற்கும் கார் கெடாமல் இருப்பதற்கும் அவர் மனசுக்குள் ஏதோ முடிச்சு விழுந்துவிட்டது. காலையில் மாடுகளைப் பார்த்துவிட்டு அடுத்த கொட்டாயிலும் எட்டிப்பார்ப்பார். நான் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒருநாள் பிரேக் எண்ணெய் டின்னை மோந்துவிட்டு, "ஏம்மா, இது ஆமணக்கெண்ணெ வாசமல்ல அடிக்குது?" என்று கேட்டார். "அதுலெ ஆமணக்கெண்ணெதானுங்க மாமா சேப்பாங்களாம்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்ப சீமெக் காரும் நம்மூட்டு எண்ணெயத்தான் குடிக்குது" என்று பண்ணையாளிடம் சொல்லிக்கொண்டே போனார்.

யுத்தம் முடியும் தறுவாயில் ஒரு பங்குனி மாதம். பொழுது சாயும் நேரத்தில் என் தம்பி வந்து வாசலில் நின்றான். வேட்டி முழங்கால்வரை புழுதி. தர்மபுரியில் பஸ் நின்றுபோனதால் அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறான். செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னான். "ஆத்தாளுக்கு முடியலக்கா. சோறு எறங்கி நாளாச்சு. நாங்க யாரு பால் குடுத்தாலும் வாயெ மூடிக்குது. நீ வந்து குடுக்கோணுமாம். உங்கையால வாங்கிக்கிட்டுத்தான் போவேன்னு படுத்துக் கெடக்குது."

சாகக் கிடக்கிறவர்களுக்குப் பிள்ளைகள் வாயில் பால் ஊற்றுவது எங்களில் வழக்கம். எங்கள் ஆத்தா அதை என் கையால் வாங்கக் காத்துக்கொண்டிருந்தது. நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வண்டி கட்டினால் மாட்டுக்கு ஓய்வு கொடுத்துப் போய்ச் சேர்வதற்கு அடுத்த பகலும் போய்விடும். அதுவரை ஆத்தா தாங்குமா? கொட்டாயில் இருக்கிற கார்தான் என் மனசில் வந்து நின்றது. கேட்கத்தான் வாய் வரவில்லை. களத்தைத் தாண்டக்கூடாது என்பது மகன் போட்ட உத்தரவு. மகன் திரும்பி வராத வீட்டில் அதை மீறு என்று தகப்பனிடம் எப்படிக் கேட்பது?

நான் கேட்கவில்லை. மாமனார்தான் கேட்டார். "காரு அம்புட்டு தூரம் போவுமா?"

"போவுங்க மாமா."

எழுந்து கொட்டாய்ப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "விடியக்காலையில எடு. நானும் வர்றேன். பொம்பளெ ஒத்தெயில போக வேணாம்" என்றார். அப்போதே கிளம்பிவிடலாம் என்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் முன் விளக்குகள் இரண்டும் மின்மினி அளவுக்குக்கூட எரியாது, பாதையும் எனக்குப் புதிது. தம்பி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தர்மபுரிப் பாதையில் நடந்தே திரும்பிப் போனான். காரில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

இருட்டுவதற்குள் நான் காரைப் பார்த்தேன். எஞ்சின் எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பாட்டரிக்கு மழைத் தண்ணீர் ஊற்றினேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தேன், கழுத்துவரை தண்ணீர். சேர்த்துவைத்த பெட்ரோலை எல்லாம் ஊற்றினேன். இத்தனை வருஷம் இதற்குச் செய்ததெல்லாம் இந்த ஒரு நாளுக்குத்தான் என்று தோன்றியது. முதல் தடவையாக அந்தக் காரைக் கையால் தட்டிக்கொடுத்தேன். பிறகு புளிச்சோறு கிண்ட உள்ளே போனேன்.

விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினோம். மாமனார் தலைப்பாகையைக் காற்று பிடுங்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, புளிச்சோற்று மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கார் களத்தைத் தாண்டியது. தண்டவாளம் இல்லாத ரயில் மேட்டைத் தாண்டியது. பாலக்கோடு தாண்டிச் சாலை நேரானதும் நான் கொஞ்சம் வேகம் வைத்தேன். அது போன போக்கைச் சொல்ல வேண்டும். இவ்வளவு ஓட்டத்தையும் உள்ளே வைத்துக்கொண்டா இது இத்தனை காலம் சும்மா நின்றது என்று மனசு ஆற்றாமைப்பட்டது. மாமனார் பயப்படவில்லை. "போ, போ" என்றார். வழியெல்லாம் நல்லெண்ணெய் மணம் வந்தது. புளிச்சோற்றுக்கு எண்ணெய் அதிகமாக விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தர்மபுரி தாண்டிப் பொம்மிடிப் பாதையில் திரும்பி, ஒரு மேடு ஏறும்போது காரின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. மேட்டின் உச்சிக்குப் போவதற்குள் மூடி இடுக்கு வழியாகக் கொதித்துக்கொண்டு வெளியே வந்தது. தண்ணீர் இல்லை, மஞ்சளாக, நுரை நுரையாக, முன் கண்ணாடியெல்லாம் தெறித்தது. உள்ளே ஏதோ 'டங்'கென்று முறிகிற சத்தம் கேட்டு எஞ்சின் நின்றது. பலகாரக் கடை வாசலில் நிற்கிற மாதிரி மணம். நடுச்சாலையில், சுற்றிலும் ஒரு குடிசைகூட இல்லாத இடத்தில்.

நான் இறங்கி மூடியைத் துணியால் திருகித் திறந்தேன். உள்ளே நல்லெண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

மாமனார் இறங்கவில்லை. மூட்டையை மடியில் வைத்தபடியே சொன்னார். "நாந்தாம்மா ஊத்தச் சொன்னேன். தொலெவுக்குப் பூட்டற மாட்டுக்கு மொத நாளு மூங்கிக் கொழாயில நல்லெண்ணெ குடுப்போமில்ல. வயிறு குளுந்திருந்தாத்தான் மூச்சு வாங்காமெ இழுக்கும். இத்தினி நாளா நின்ன வண்டியாச்சே, உன்னெ நல்லபடியாக் கொண்டுபோய்ச் சேக்கோணுமேன்னு..."

பிறகு கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் புளி கரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மாமனாரும் பண்ணையாளும் கொட்டாய்க்குப் போயிருக்கிறார்கள். மாட்டுக்கு முன்பக்கம் வாய் என்றால் காருக்கும் முன்பக்கம்தானே வாய். நான் செய்வதைப் பார்த்துப் பழகிய பண்ணையாள் கீழே குழாயைத் திறந்து தண்ணீரைப் பாதி வடித்துவிட்டு, மேலே மூங்கில் குழாயால் ஊற்றியிருக்கிறார். வீட்டில் செக்கில் ஆட்டிவைத்திருந்த நல்லெண்ணெய் பூராவும். மிச்சமில்லாமல்.

மாமனாரைக் கண்டபடி பேசிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அந்தக் கோபத்துக்கு நான் வெட்கப்படவில்லை. ஆனால் தலைப்பாகை அவிழ்ந்து கழுத்தில் கிடக்க, குழந்தை மாதிரி மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எனக்கு அலுப்புத்தான் மிஞ்சியது. யாரைச் சொல்லி என்ன. காரை அப்படியே ஓரம் தள்ளினோம். தூரத்தில் இருந்த ஒரு கிணற்றிலிருந்து நீர் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தேன். எஞ்சின் அசையவில்லை.

வெயில் நன்றாக ஏறிய பிறகு, பொம்மிடி ஸ்டேஷனுக்குப் புளி மூட்டை ஏற்றிப்போகிற ஒரு மாட்டு வண்டி வந்தது. மூட்டைமேல் எனக்கு இடம் கொடுத்தார்கள். மாமனார் ஏற மாட்டேன் என்றுவிட்டார். பாரம் குறைந்தால் மாடு வேகமாகப் போகும் என்று வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தார். ஊரில் கண்டால் நாலு பேர் எழுந்து நிற்கிற மனிதர், யாரோ ஒருவருடைய மாட்டின் வாலை முறுக்கிக்கொண்டு, "ஹோ, ஹோ, போ சாமி, போ" என்று கெஞ்சிக்கொண்டு அந்தப் பங்குனி வெயிலில் நடந்தார். மாடு தன் நடையில்தான் நடந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நடந்துபோன தம்பி எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தான்.

எங்கள் ஆத்தாளுக்கு உயிர் இருந்தது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. காலையெல்லாம் வாசலைப் பார்த்து என்னையே கேட்டுக்கொண்டிருந்ததாம், உச்சிக்கு அப்புறம் பேச்சு நின்றுவிட்டதாம். பெண்கள் விலகி எனக்கு வழி விட்டார்கள். யாரோ சங்கில் பாலைக் கொடுத்தார்கள். "ஆத்தா, நான் வந்துட்டேன்" என்று காதில் சொன்னேன். உதட்டைப் பிரித்துப் பாலை விட்டேன். "எறங்கிருச்சு, மக கையால வாங்கிக்கிச்சு, புண்ணியவதி" என்று சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். ஆறுதலுக்குச் சொன்னார்கள். எது உள்ளே இறங்குகிறது, எது கசிகிறது என்று பார்ப்பதே வேலையாக இத்தனை வருஷம் கழித்தவள் நான். பால் இறங்கவில்லை. தொண்டை அசையவில்லை. கடைவாய் வழியாக வழிந்து காது மடலில் தேங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். அதுவும் வழிந்தது. அதற்கப்புறம் நெஞ்சும் நின்றுவிட்டது.

காலையிலேயே வந்திருந்தால் வாங்கியிருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமனார் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

காரியமெல்லாம் முடிந்து நாங்கள் ஊர் திரும்பினோம். காரை மாமனாரே ஆள் அனுப்பி, ஒரு ஜோடி மாட்டைப் பூட்டி இழுத்துவரச் செய்தார். அது கொட்டாயில் ஏறியதும் நான் துணியைப் போர்த்தினேன். அதோடு சரி. எண்ணெய் வடிக்கவில்லை, தண்ணீர் பார்க்கவில்லை. மழை பெய்தபோது ஜாடிகளை வெளியே வைக்கவில்லை.

என் கணவர் யுத்தம் முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தார். மாலை போட்டு ஆரத்தி எடுத்தோம். கால் கழுவின ஈரம் காய்வதற்குள் கொட்டாய்க்குப் போனார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து மோந்தார், விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார், முகம் சிவந்தது. "யாரு இதுல எண்ணெ ஊத்துனது?" என்று கத்தினார். மாமனார் வந்து, மாட்டுக்குக் கொடுக்கிற மாதிரி கொடுக்கச் சொன்னேன் என்றார். இவர் தகப்பனாரையும் காரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தார். இத்தனை நாள் கழித்து அவர் சிரிப்பைக் கேட்கிறோம் என்று எங்களுக்கும் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

சேலத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்துக் காரைச் சரி பண்ணினார். சலவைச் சோடா போட்டுக் காய்ச்சிய தண்ணீரை ஊற்றி ஊற்றி வடித்தும் அந்த மணம் முழுசாகப் போகவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். நன்றாகச் சொல்வார், மாமனார் மாதிரி பேசிக் காட்டுவார், மூங்கில் குழாயைப் பிடித்து மூடிக்குள் விடுகிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டுவார், காரை ஏப்பம் விடச் செய்வார். எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்து, அதுகளும் அந்தக் கதையை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டும்.

ஒருமுறை வந்தவர்களில் ஒருத்தர், "அது சரி, கொட்டாயில நின்ன காரு அன்னிக்கு அந்த ரோட்டுல எதுக்குப் போச்சு?" என்று கேட்டார்.

என் கணவர் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இவங்க ஊட்டுப் பக்கம் என்னமோ சோலியாப் போயிருக்காங்க" என்றார்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் போய்விட்டார். நான் காலி தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.